கல்பாக்கத்தில் ஏன் கூலிங் டவர் இல்லை?

அணுமின் நிலையம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஒரே படம்தான். உடுக்கை போல இடுப்பு சிறுத்த பெரிய கான்கிரீட் கோபுரம், அதன் வாயிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புகை. உண்மையில் அந்தக் கோபுரத்துக்கும் அணுவுக்கும் நேரடி உறவு கிடையாது. வெளியே வருவதும் புகை அல்ல, நீராவி. அதன் பெயர் கூலிங் டவர். நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையங்களிலும் அது உண்டு. கடலுக்குத் தொலைவில் இருக்கும் நரோரா, காக்ரபார் அணுமின் நிலையங்களிலும் உண்டு. சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் கல்பாக்கத்திலோ அப்படி ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது.

காரணம் எளிது. அந்தக் கோபுரம் செய்யும் வேலையை அங்கே வங்காள விரிகுடா செய்கிறது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கடலோர அணுமின் நிலையம் எப்படி ஓடுகிறது என்பதில் பாதி புரிந்துவிடும். அணு உலை என்றவுடன் கதிரியக்கம், யுரேனியம் என்றே பேச்சு போகிறது. அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் உள்ளே வேலை செய்பவர்களின் நாள் பெரும்பாலும் தண்ணீரோடுதான் கழிகிறது. எந்தத் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எவ்வளவு சூட்டில் ஓடுகிறது, எது எதோடு கலக்கக் கூடாது என்பதுதான் கேள்வி. அதனால் இந்தக் கட்டுரையையும் தண்ணீரின் வழியாகவே சொல்லிப் பார்க்கிறேன். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி மையம் உட்படப் பல நிறுவனங்கள் இருக்கின்றன. இங்கே பேசப் போவது அவற்றில் ஒன்றான சென்னை அணுமின் நிலையத்தைப் பற்றி. அங்குள்ளவர்கள் சுருக்கமாக 'மாப்ஸ்' என்பார்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது

முதலில் எரிபொருளைக் கிட்டத்தில் பார்ப்போம். சுண்டுவிரல் நுனி அளவுள்ள கருப்பு நிற யுரேனிய வில்லைகள். அவற்றை வரிசையாக உள்ளே அடுக்கி மூடிய உலோகக் குச்சிகள். அப்படிப் 19 குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு எரிபொருள் கட்டு. அரை மீட்டர் நீளம், சுமார் 16 கிலோ எடை. புதுக் கட்டை ஒருவர் இரண்டு கைகளாலும் தூக்கிவிடலாம். மாப்ஸ் போன்ற உலையில் இது ஒன்று தன் காலம் முடிவதற்குள் ஏறத்தாழ 6 லட்சம் யூனிட் மின்சாரத்துக்கான சூட்டைத் தந்துவிடும். அதே மின்சாரத்தை நிலக்கரியிலிருந்து எடுக்க 400 டன் போலத் தேவைப்படும்.

உள்ளே நடப்பது அணுப்பிளவு. யுரேனியம்-235 அணுவின் மேல் ஒரு நியூட்ரான் மோதினால் அது இரண்டாக உடையும். உடையும்போது வெப்பமும் வரும், இரண்டு மூன்று புது நியூட்ரான்களும் வெளியே பாயும். அவற்றில் சராசரியாக ஒன்று அடுத்த அணுவை உடைத்தால் போதும், சங்கிலி அறுபடாமல் ஒரே சீராக ஓடும். அந்த நிலையை ஓர் உலை முதன்முதலாக எட்டுவதைத்தான் 'கிரிட்டிக்கல் ஆனது' என்று செய்தியில் படிக்கிறோம். கேட்க ஆபத்து போல ஒலிக்கும் சொல். பொருள் என்னவோ 'உலை உயிர் பெற்றுவிட்டது' என்பதுதான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் எளிதாகப் பிளக்கும் 235 வகை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.7 சதவீதம்தான். பிளவில் பிறக்கும் நியூட்ரானோ அசுர வேகத்தில் ஓடுகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் இவ்வளவு அரிதாக இருக்கும் 235-ஐப் பிடிக்க முடியும். எப்படிக் குறைப்பது?

கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிரைக்கர் பலகையின் ஓரச் சட்டத்தில் மோதினால் கிட்டத்தட்ட அதே வேகத்தில் திரும்பி வரும். காயில் மோதினால் தன் வேகத்தில் பெரும் பங்கைக் காயிடம் கொடுத்துவிடும். நியூட்ரானும் அப்படித்தான்; தன்னைப் போல எடை குறைந்த அணுவோடு மோதினால்தான் வேகம் தணியும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அது சில நியூட்ரான்களை விழுங்கியும் விடுகிறது. 0.7 சதவீத யுரேனியத்தை வைத்துக்கொண்டு அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாது.

இங்கேதான் கனநீர் வருகிறது. ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்று ஒரு கனமான உடன்பிறப்பு உண்டு. இயற்கையான தண்ணீரில் ஏழாயிரம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் அது கலந்திருக்கிறது. அதைப் பிரித்துச் சேர்த்து எடுத்த நீர்தான் கனநீர். நியூட்ரான் வேகத்தைத் தணிக்கும், விழுங்குவதோ மிகக் குறைவு. தயாரிக்கப் பெரும் செலவும் மின்சாரமும் ஆகும். அதற்கென்றே தனித் தொழிற்சாலைகள் நாட்டில் கட்டப்பட்டன, தூத்துக்குடியிலும் ஒன்று இருந்தது. பதிலுக்குக் கிடைப்பது பெரிய சுதந்திரம்: யுரேனியத்தைச் செறிவூட்டத் தேவையில்லை (அதாவது 235-இன் பங்கைக் கூட்டத் தேவையில்லை), செறிவூட்டிக் கொடுங்கள் என்று இன்னொரு நாட்டின் வாசலில் நிற்கவும் தேவையில்லை.

கலக்கக் கூடாத நான்கு தண்ணீர்

உலையின் நடுவே கலாண்ட்ரியா என்ற பெரிய உருளைத் தொட்டி படுக்கையாகக் கிடக்கிறது. அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துளைத்துக்கொண்டு 306 குழாய்கள் போகின்றன. ஒவ்வொரு குழாயிலும் 12 எரிபொருள் கட்டுகள் ரயில் பெட்டிகள் போல வரிசையாக இருக்கும். தொட்டிக்குள், குழாய்களுக்கு வெளியே நிற்பது முதல் கனநீர். நியூட்ரான்களை நிதானப்படுத்துவது இதன் வேலை. குழாய்களுக்கு உள்ளே, கட்டுகளை உரசிக்கொண்டு ஓடுவது இரண்டாவது கனநீர். இது 290 டிகிரிக்கு மேல் சூடாகும். வளிமண்டலத்தைப்போல 85 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இருப்பதால், அந்தச் சூட்டிலும் கொதிக்காது.

இந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது மூன்றாவது தண்ணீர். நாம் அறிந்த சாதாரண நீர்தான், உப்பு துளியும் இல்லாமல் சுத்திகரித்தது. நீராவி உற்பத்திக் கலத்தில் மெல்லிய குழாய்களின் சுவர் வழியாக வெப்பம் மட்டும் இந்தப் பக்கம் வரும், நீர் வராது. மூன்றாவது நீர் கொதித்து, சுமார் 250 டிகிரி நீராவியாகி, டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைனோடு ஜெனரேட்டர் சுற்றுகிறது. இந்த இடத்திலிருந்து அணுமின் நிலையத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

டர்பைனைச் சுழற்றி முடித்த நீராவியை என்ன செய்வது? அதைக் குளிர்வித்து மீண்டும் தண்ணீராக்க வேண்டும். நீராவி சட்டென்று நீராகும்போது அதன் கன அளவு மளமளவென்று சுருங்கி அங்கே ஒரு வெற்றிடம் உருவாகும். அந்த வெற்றிடம் பின்னால் வரும் நீராவியை உறிஞ்சி இழுக்கும், டர்பைன் கூடுதல் பலத்தோடு சுற்றும். இந்தக் குளிர்விப்பைச் செய்வதுதான் நான்காவது தண்ணீர்: கடல்.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வோர் உலையும் சுமார் 800 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. மின்சாரமாவது 220 மெகாவாட். மிச்சம் எல்லாம், அதாவது நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமான வெப்பம், கடலுக்குத்தான் போகிறது. மாப்ஸில் இரண்டு அலகுகள் உண்டு; ஓர் உலையும் அதன் டர்பைனும் சேர்ந்தது ஓர் அலகு. இரண்டும் ஓடும்போது நொடிக்கு 35,000 லிட்டர் கடல்நீர் உள்ளே வந்து, ஏழெட்டு டிகிரி சூடாகித் திரும்புகிறது. இவ்வளவு தண்ணீரை எந்த ஆற்றிடம் ஆண்டு முழுக்கக் கேட்க முடியும்? பாலாறு பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது, அதில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம்.

இங்கே பலர் கேட்கும் கேள்வி ஒன்று: கடல்நீர் ஓடும் குழாய்களால் நீராவியைக் குளிர்விக்கும் கலமான கண்டென்சரில் ஒரு குழாய் ஓட்டையானால் கதிரியக்க நீர் கடலில் கலந்துவிடாதா? முதலாவதாக, உலையைத் தொட்ட கனநீர் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. இரண்டாவதாக, நீராவி இருக்கும் பக்கம் வெற்றிடம். அதனால் ஓட்டை விழுந்தால் கடல்நீர்தான் உள்ளே உறிஞ்சப்படும். நிலையத்தின் வேதியியலாளர்கள் பயப்படுவது அதற்குத்தான். இம்மியளவு உப்பு உள்ளே போனாலும் நீராவிக் கலத்தின் குழாய்களை அது அரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே நீரில் உப்பு ஏறுகிறதா என்று இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள்.

அதற்காகக் கடலுக்குக் கதிரியக்கமே போவதில்லை என்று சொல்லிவிட முடியாது. கனநீர் நியூட்ரான் பட்டுப் பட்டு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் அதில் உருவாகிறது. அதில் ஒரு சிறு பகுதி, வரம்புக்கு உட்பட்டு, காற்றிலும் கடலிலும் விடப்படத்தான் செய்கிறது. பொதுமக்களுக்கு நிலையத்தால் கூடுதலாகச் சேரும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. மண், பாறை, வானம் என இயற்கையிலிருந்தே உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம் எல்லோருக்கும் வருகிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால் வீண் பயமும் இருக்காது, வீண் அலட்சியமும் இருக்காது.

ஒரு கதவு மூடியபோது

இப்போது கொஞ்சம் வரலாறு. இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் 1969-இல் ஓடத் தொடங்கியது. அமெரிக்க நிறுவனம் கட்டிக்கொடுத்தது. அடுத்தது ராஜஸ்தானில், கனடாவின் உதவியோடு. மூன்றாவதாகக் கல்பாக்கம். 1971-இல் கட்டுமானம் தொடங்கியது. கனநீர் உலை வடிவம் கனடாவிடமிருந்து கற்றதுதான், ஆனால் இங்கே வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் இந்தியப் பொறியாளர்களே ஏற்றார்கள்.

1974 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியது. கனடா கதவைச் சாத்தியது. கருவிகள், உதிரி பாகங்கள், ஆலோசனை எல்லாம் நின்றன. கிடைக்காத ஒவ்வொன்றையும் இந்தியத் தொழிற்சாலைகளில் முதல் முறையாகச் செய்து பார்க்க வேண்டிய நிலை. கனநீரும் போதிய அளவில் கிடைக்கவில்லை. கல்பாக்கத்தின் முதல் அலகு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான், 1983 ஜூலை 2 அன்று கிரிட்டிக்கல் ஆனது. அதே மாதம் பிரதமர் இந்திரா காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இரண்டாம் அலகு 1985 ஆகஸ்டில் கிரிட்டிக்கல் ஆனது. தாமதம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. இல்லாத கருவியைச் செய்யக் கற்றுக்கொண்ட காலம் என்றே எனக்குப் படுகிறது. பின்னால் நரோரா, காக்ரபார், கைகா என்று கட்டிய 220 மெகாவாட் உலைகள் எல்லாம் இந்த அனுபவத்தின் மேல் எழுந்தவை.

இன்னொரு விவரத்தையும் சொல்ல வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது 1983 நவம்பரில். உலை ஓடத் தொடங்கி நான்கு மாதங்களுக்குப் பின். பாதுகாப்பு ஆய்வுகள் அதற்கு முன்பும் துறைக்குள் நடந்தன, ஆனாலும் தனி வாரியம் முதலில் வந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கடலுக்கு அடியில் ஒரு சுரங்கம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கரையோரத் தண்ணீரில் அலை கிளறிவிடும் மணல் அதிகம். அதனால் மாப்ஸுக்கு நீர் கடலுக்குள் தள்ளியிருக்கும் ஒரு கிணறு போன்ற அமைப்பிலிருந்து வருகிறது. அங்கே செங்குத்தாக இறங்கி, கடல் தரைக்கும் 50 மீட்டருக்கு மேல் கீழே பாறையில் குடைந்த, 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வந்து, கரையில் உள்ள பம்ப் ஹவுஸில் மேலேறுகிறது.

இருட்டு, ஓயாமல் ஓடும் நீர், அதோடு வரும் உணவு. கடல் உயிர்களுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்குமா? பச்சைச் சிப்பிகளும் கொட்டலசுகளும் சுரங்கச் சுவரில் அப்பிக்கொண்டு வளர்கின்றன. அவை செத்துப் பெயர்ந்து வந்தால் ஓடுகள் கண்டென்சர் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். இதைத் தடுக்க நீரில் குளோரின் கலக்கிறார்கள். கூடினால் வெளியே போகும் நீர் கடலைக் கெடுக்கும், குறைந்தால் சிப்பி வளரும். இந்த அளவைச் சரியாகப் பிடிப்பதற்காகவே கல்பாக்கத்தில் உயிரியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்து வருகிறார்கள். சில பருவங்களில் சொறி மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து சல்லடைகளை மூடிக்கொள்ளும். எலும்பில்லாத அந்தக் கூழ் உடம்பு, நீர்வரத்தை அடைத்து ஒரு மின் நிலையத்தையே திணறடித்துவிடும்.

சூடான நீர் திரும்பிப் போகும் வாயும் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கரையோர மணல் வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. மணல் திட்டு வளர வளர, வெந்நீர்க் கால்வாய் கரையை ஒட்டியே நீண்டு வேறோர் இடத்தில் போய்க் கடலில் கலக்கும். நீர் எங்கே வெதுவெதுப்பாகிறது, அங்கே மீன் நிற்கிறதா விலகுகிறதா என்ற கேள்வி பக்கத்துக் குப்பங்களின் பிழைப்போடு சேர்ந்தது. அளவிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது, சமாதானம் சொல்லி அனுப்பக் கூடாது.

நிறுத்தினாலும் ஆறாது

உலையை அவசரமாக நிறுத்துவதற்கு மாப்ஸில் இருக்கும் வழி அழகானது. கலாண்ட்ரியாவுக்கு அடியில் காலியான ஒரு தொட்டி இருக்கிறது. ஹீலியம் வாயுவின் அழுத்தம்தான் கனநீரை மேலே தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆபத்து என்றால் வால்வுகள் திறந்து மேலும் கீழும் அழுத்தம் சமமாகும். கனநீர் தன் எடையால் கீழே கொட்டிவிடும். நியூட்ரானை நிதானப்படுத்த ஆளில்லை, சங்கிலி அறுந்துவிடும். பூமியின் ஈர்ப்பு விசைக்கு மின்வெட்டு கிடையாதே!

ஆனால் அடுப்பை அணைத்தாலும் தணல் ஆறாது. பிளந்த அணுக்களின் துண்டுகள் தாமாகவே சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 சதவீதம் போல. 800 மெகாவாட்டில் அது கிட்டத்தட்ட 50 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் மிஞ்சும், அதாவது சுமார் 4 மெகாவாட். இந்தச் சூட்டை வெளியே எடுத்துக்கொண்டே இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓட பம்ப் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது, முதல் அலகு குழாய் மாற்றும் பணிக்காக நின்றிருந்தது. இரண்டாம் அலகு ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்துக்குள் கடல் புகுந்த வழி அந்தச் சுரங்கம்தான். பம்ப் ஹவுஸில் நீர்மட்டம் மளமளவென்று ஏறியது. கண்டென்சருக்கு நீர் தரும் பம்புகள் மூழ்கி நின்றன. உடனே உலை நிறுத்தப்பட்டது. உலைக் கட்டடம் உயரமான தரைமட்டத்தில் இருந்ததால் அதற்குள் நீர் போகவில்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுபடவில்லை, அவசர ஜெனரேட்டர்களும் நனையவில்லை. தணல் ஒழுங்காக ஆறியது. 2005 ஜனவரி 2 அன்று அலகு மீண்டும் இயக்கப்பட்டது. ஆனால் ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பிலும் சுற்றியிருந்த மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. உலை தப்பியது என்று சொல்லும்போது அவர்களை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சியில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நிலநடுக்கம் வந்ததும் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. வெளி மின்சாரம் அறுந்தது, ஜெனரேட்டர்கள் எழுந்தன. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிட மிக உயரமான அலை வந்து தாழ்வான இடத்தில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின் பலகைகளையும் மூழ்கடித்தது. பம்ப் இல்லை, தண்ணீர் ஓடவில்லை. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஜெனரேட்டரை எத்தனை மீட்டர் உயரத்தில் வைப்பது என்ற, வெளியே யாரும் கவனிக்காத ஒரு முடிவு இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்தது.

அந்த ஆண்டிலேயே கூடங்குளத்துக்கு எதிராக இடிந்தகரை மக்களின் போராட்டம் வலுத்தது. கூடங்குளம் உலைகள் ரஷ்ய வடிவம், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடுவதால் கனநீர் தேவையில்லை. ஆனால் கடைசியில் சூட்டைக் கடலிடம் ஒப்படைப்பதில் அதுவும் கல்பாக்கமும் ஒன்றுதான்.

மாப்ஸின் வாழ்க்கை சீராகவும் போகவில்லை. 1980-களின் இறுதியில் கலாண்ட்ரியாவுக்குள் கனநீரை வரவைக்கும் உட்பாகம் உடைந்தது. மனிதர் உள்ளே போக முடியாத இடம். நீரோட்டத்தின் வழியை மாற்றி, 170 மெகாவாட்டுக்குக் குறைத்தே பல ஆண்டுகள் ஓட்டினார்கள். 2002-இல் இரண்டாம் அலகிலும் 2003-இல் முதல் அலகிலும் பழைய குழாய்களை மொத்தமாக மாற்றும் பணி தொடங்கியது. அப்போது சில குழாய்களின் இடத்தில் துளையிட்ட குழாய்களைப் பொருத்தி அந்த வழியாகக் கனநீரை விட்டார்கள். திறன் மீண்டும் 220-ஐ எட்டியது. இதற்கிடையே 1999-இல் இரண்டாம் அலகில் கனநீர்க் கசிவு ஒன்றும் நடந்தது. முதல் அலகு 2018 ஜனவரியில் நின்று, நெடுங்காலம் ஓடாமல் இருந்தது.

கடல்நீரைக் குளிர்விக்க மட்டும் பயன்படுத்துவானேன் என்ற யோசனையும் இங்கே நடைமுறைக்கு வந்தது. டர்பைனிலிருந்து கொஞ்சம் நீராவியை எடுத்துக் கடல்நீரைக் காய்ச்சி வடிப்பது ஒரு முறை, சவ்வு வழியாக வடிகட்டுவது இன்னொரு முறை. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் நன்னீர் தரும்படி ஒரு செயல்விளக்க ஆலை கட்டப்பட்டது.

மாப்ஸில் எரிந்து முடிந்த எரிபொருளில் புளூட்டோனியம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து அடுத்த தலைமுறை உலைக்குத் தீனியாக்குவது இந்திய அணுசக்திக்கு அடித்தளமிட்ட ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் இரண்டாவது படி. அதற்கான 500 மெகாவாட் வேக ஈனுலையை, அதாவது எரிப்பதைவிடக் கூடுதல் எரிபொருளை ஈனும் வகை உலையைப் பக்கத்திலேயே கட்டினார்கள். 2004 சுனாமியில் அதன் அஸ்திவாரப் பள்ளத்திலும் கடல்நீர் நிரம்பியது. இந்த உலையில் நியூட்ரானை நிதானப்படுத்தக் கூடாது, அதனால் உலைக்குள் தண்ணீருக்கே இடமில்லை. சூட்டைச் சுமப்பது உருகிய சோடியம். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் உலோகம். அதன் வெப்பமும் இன்னொரு சோடியச் சுற்றுக்கு மாறி, அங்கிருந்து நீராவிக்கு மாறி, டர்பைனைச் சுழற்றி, கண்டென்சர் வழியாக அதே வங்காள விரிகுடாவில்தான் போய்ச் சேர வேண்டும்.